பள்ளி மைக்ராஸ்கோப்பில் நிஜமாகத் தெரியும் நுண்ணுறுப்புகள்: நம்ம கரையில் கிடைப்பதில் எதை எதில் பார்ப்பது?

#1 தொண்டிக்கரை டீச்சர்

வணக்கம். பதினொன்றாம் வகுப்புக்குச் செல் நுண்ணுறுப்புகள் பாடம். படம் வரைந்து பெயர் எழுதுவதோடு நிற்காமல், கரையில் கிடைப்பதை வைத்தே உயிருள்ள செல்லில் காட்ட வேண்டும். கைவசம் 10, 40 மடங்கு லென்ஸ்கள், எண்ணெய் இட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸ் ஒன்று, அயோடின், உட்கருவுக்கான அசிட்டோகார்மைன் சாயம், மைட்டோகாண்ட்ரியாவுக்கான ஜேனஸ் கிரீன் சாயம்.

கஞ்சிப்பாசியைச் சீவிக் குழாய்த் தண்ணீரில் வைத்தால் ஐந்தாறு நிமிடத்தில் துளி இளஞ்சிவப்பாகிறது, செல்லுக்குள் ஒரே கலங்கல். ஜேனஸ் கிரீன் விட்டால் எல்லாமே பச்சை. பிழை எங்கே? எந்த நுண்ணுறுப்பை நம்பிக் காட்டலாம்?

#2 மண்டபம் பாசி

பிழை தண்ணீரில் இருக்கிறது, டீச்சர்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு. பாசியின் சைட்டோபிளாசமும் அதற்கு ஈடான கரைபொருளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கடலில் வாழ்கிறது. அதைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே பாயும். செல்சுவர் இருப்பதால் செல் வெடிக்காது. ஆனால் உள்ளே சவ்வுகள் இழுபட்டுக் கசியும், கத்தி பட்ட செல்கள் முதலில் காலியாகும்.

வெளியே வந்த இளஞ்சிவப்பு ஃபைக்கோஎரித்ரின், தண்ணீரில் கரையும் புரதம். கஞ்சிப்பாசி சிவப்புப்பாசி இனம். அதன் பசுங்கணிகத்தில் தைலகாய்டுகள் (ஒளியைப் பிடிக்கும் தட்டைச் சவ்வுப் பைகள்) நிலத்தாவரத்தைப் போலக் கிரானா என்ற அடுக்குகளாக இருக்காது, ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிடக்கும். அவற்றின் மேற்பரப்பில் ஃபைக்கோபிலிசோம் என்ற மணிகள் ஒட்டியிருக்கும். ஃபைக்கோஎரித்ரின் இருப்பது அதில். மேலே ஒட்டியது என்பதால் பசுங்கணிக உறை கிழிந்ததும் கரைந்து ஓடிவிடும். பச்சையம் சவ்வுக்குள்ளேயே புதைந்திருப்பதால் அங்கேயே தங்கும்.

ஆக, உங்கள் துளி சிவந்ததே உறை உடைந்ததற்குச் சான்று. அதைச் செய்முறையாகவே வைக்கலாம். இரண்டு சோதனைக் குழாய், ஒவ்வொன்றிலும் பொடியாக நறுக்கிக் கடல்நீரில் அலசிய கஞ்சிப்பாசி 2 கிராம். ஒன்றில் கடல்நீர் 10 மி.லி., மற்றதில் குழாய்த் தண்ணீர் 10 மி.லி. அரை மணி நேரத்தில் வேறுபாடு தெரியும். அதே அளவு பாசியும் கடல்நீரும் இட்ட மூன்றாவது குழாயைக் கொதிநீரில் நிறுத்தினால் ஃபைக்கோஎரித்ரின் உருக்குலைந்து சிவப்பு மறையும், மறைந்திருந்த பச்சை மேலே வரும்.

எதற்கு எந்த நீர்:

பாசி, கடல்புல், மட்டி, நண்டு, கணவாய் எல்லாவற்றுக்கும் வடிகட்டிய கடல்நீர். பொருள் எடுத்த இடத்திலேயே நீரும் எடுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் வடகடல் (பாக் விரிகுடா) நீர் நன்றாக நீர்த்துவிடும். தென்கடலில் (மன்னார் வளைகுடா) எடுத்த நீரோடு மாற்றிப் போட்டால் அந்த வித்தியாசமே செல்லைச் சுருக்கும்.

மீன் திசுவுக்குக் கடல்நீர் கூடாது. கடல்மீனின் இரத்தத்தில் கரைபொருள் செறிவு கடலில் மூன்றில் ஒரு பங்குதான். லிட்டருக்கு 10 கிராம் உப்புக் கரைசல் போதும்.

வெங்காயத்தோலுக்கு 5 சதவீதச் சர்க்கரைக் கரைசல்.

இன்னொன்று. கவர்ஸ்லிப்புக்கு அடியில் உள்ள கடல்நீர் விளக்குச் சூட்டில் வற்றும், உப்பு ஏறும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓரத்துச் செல்கள் சுருங்கத் தொடங்கும். சுற்றிலும் வாஸலின் தடவுங்கள். இல்லையென்றால் ஒரு பக்கம் புதுத் துளி விட்டு மறுபக்கம் ஒற்றுத்தாளால் இழுங்கள்.

#3 கீழக்கரை லென்ஸ்

எது தெரியும், எது தெரியாது என்பதைக் கணக்கிலேயே முடித்துவிடலாம். ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய குறைந்த இடைவெளி, அலைநீளத்தை 0.61ஆல் பெருக்கி லென்ஸின் எண் துளையால் (எவ்வளவு அகலக் கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதைக் காட்டும் எண்) வகுத்தால் வரும். பச்சை ஒளி 0.55 மைக்ரான். பள்ளியில் உள்ள 40 மடங்கு லென்ஸின் எண் துளை பெரும்பாலும் 0.65, ஆக 0.52 மைக்ரான். எண்ணெய் லென்ஸ் 1.25 என்றால் 0.27 மைக்ரான்.

உட்கரு 5 முதல் 10 மைக்ரான். பசுங்கணிகம் 4 முதல் 10. இரண்டும் 40இலேயே தெரியும். மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் 0.5 முதல் 1 மைக்ரான். விளிம்பில் நிற்கிறது, சாயமும் எண்ணெய் லென்ஸும் சேர்ந்தால் புள்ளியாக, குச்சியாகத் தெரியும். அதன் உட்சவ்வின் மடிப்புகளான கிறிஸ்டே தெரியவே தெரியாது. ரிபோசோம் 25 முதல் 30 நானோமீட்டர், நம் லென்ஸின் எல்லையில் பத்தில் ஒரு பங்கு. எண்டோபிளாச வலை, உட்கருத் துளை, கோல்கையின் தட்டுகள், இவையெல்லாம் எலக்ட்ரான் நுண்ணோக்கியின் வேலை. ரிபோசோமை ஜார்ஜ் பலாடே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் விவரித்தது 1955இல்.

"அந்தப் பொடிப்பொடியாகத் தெரிவதுதான் ரிபோசோம்" என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்லிவிடாதீர்கள். தெரியாததைத் தெரிகிறது என்று படம் வரையச் சொல்வது அறிவியலையே கெடுக்கும்.

#4 பாம்பன் காற்று

முதல் ஸ்லைடு கடல்புல்லாக இருக்கட்டும். கரையில் ஒதுங்கியதில் சின்ன முட்டை வடிவ இலை உள்ள ஹாலோஃபிலாவைத் தேடுங்கள். நடுநரம்பை விட்டு விலகினால் இலை இரண்டு செல் தடிமன்தான், சீவவே வேண்டாம். இலையை அப்படியே கடல்நீரில் வைத்து மூடினால் மேல்தோல் செல்லிலேயே பசுங்கணிகம் நிறைந்திருக்கும். நிலத்துச் செடியில் மேல்தோலில் பசுங்கணிகம் பெரும்பாலும் காப்புச் செல்லில் மட்டும். இங்கே இலைத்துளையே இல்லை, மேல்தோல்தான் ஒளிச்சேர்க்கைக் கூடம்.

ஒதுங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் கிடந்ததை எடுக்காதீர்கள். பச்சையாக இருக்கும், ஆனால் செல்லுக்குள் சைட்டோபிளாச ஓட்டம் நின்றிருக்கும். ஈரமானதை எடுத்து, நிழலில் கடல்நீரில் வைத்து, பார்ப்பதற்கு முன் பத்து நிமிடம் வெளிச்சம் காட்டுங்கள். பசுங்கணிகங்கள் சுவரோரம் வரிசையாக நகரும். அவற்றை இழுப்பது ஆக்டின் என்ற புரத இழைமேல் நடக்கும் மயோசின் புரதம். செல் சட்டகம் என்பது வெறும் தூண் இல்லை, தண்டவாளமும் கூட என்று அங்கே சொல்லலாம்.

#5 தொண்டிக்கரை டீச்சர்

நன்றி. கட்டக்கோரைப் பாசியும் நிறைய ஒதுங்குகிறது. அதன் பசுங்கணிகமும் இப்படித்தானா?

#6 மண்டபம் பாசி

வெளியே பார்த்தால் தட்டு வடிவப் பழுப்புக் கணிகம், அவ்வளவுதான். உள்ளே பெரிய வித்தியாசம். கஞ்சிப்பாசியிலும் கடல்புல்லிலும் பசுங்கணிகத்தைச் சுற்றி இரண்டு சவ்வு. கட்டக்கோரை, பக்கோடாப்பாசி போன்ற பழுப்புப்பாசிகளில் நான்கு. வெளிச்சவ்வு பல இடங்களில் உட்கரு உறையோடு தொடர்ந்திருக்கும். காரணம் வரலாற்றில் இருக்கிறது: சிவப்புப்பாசி ஒன்றை வேறொரு செல் விழுங்கி உள்ளேயே வைத்துக்கொண்டது, விழுங்கப்பட்டதன் சவ்வும் விழுங்கியதன் சவ்வும் மிச்சமாக நிற்கின்றன. 1967இல் லின் மார்குலிஸ் விரிவாக முன்வைத்த அகக்கூட்டுவாழ்வுக் கருத்து பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. நம் கரையில் அது குவியல் குவியலாகக் கிடக்கிறது.

வெட்டும்போது ஒரு தொல்லை. பழுப்புப்பாசி செல்லில் ஃபைசோட் என்ற பைகளில் பீனால் பொருள் இருக்கும். கத்தி பட்டதும் அது வெளியே வந்து காற்றில் பழுத்துத் துளியைக் கறுக்கவைக்கும். பப்பாளித் தண்டுக்கு இடையில் செருகிப் புது பிளேடால் சீவி, துண்டுகளைக் கடல்நீரில் மூன்று முறை அலசிய பிறகே ஸ்லைடில் ஏற்றுங்கள்.

#7 வாலிநோக்கம் உப்பு

உப்பளத்தை யாரும் சொல்லவில்லையே. உப்பு படியும் பாத்திக்கு முந்தைய தெப்பத்தில் நீர் சிவக்கத் தொடங்கும்போது ஒரு துளி எடுங்கள். நுண்ணுறுப்பு உள்ள செல்லும் இல்லாத செல்லும் ஒரே துளியில் கிடைக்கும்.

பெரியது டுனாலியெல்லா சலினா என்ற ஒருசெல் பாசி. முட்டை வடிவம், பத்து மைக்ரானுக்கு முன்னே பின்னே, இரண்டு சம நீளக் கசையிழை, கிண்ணம் போன்ற ஒரே பசுங்கணிகம். செல்சுவர் கிடையாது, அதனால் குழாய்த் தண்ணீர் பட்டால் கண்முன்னே வெடிக்கும். கவர்ஸ்லிப்பை எடுக்காமல் ஓரத்தில் ஒரு சொட்டு நல்ல தண்ணீர் விட்டு 40இல் பாருங்கள்: முதலில் உருண்டையாகும், நீச்சல் நிற்கும், பிறகு இல்லாமல் போகும். பிளாஸ்மா சவ்வு என்ன செய்துகொண்டிருந்தது என்பதை அது இல்லாமல் போன கணத்தில் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள்.

கசையிழையைப் பார்க்க அயோடின் ஒரு சொட்டு. நீச்சல் நின்று இழை பழுப்பாகத் தெரியும். கண்டென்சரின் (மேடைக்கு அடியில் ஒளியைக் குவிக்கும் லென்ஸ்) துளையைக் குறைத்தால் இன்னும் தெளிவு.

#8 ஏர்வாடி மாணவன்

அண்ணே, பாத்தி சிவப்பாக இருப்பது டுனாலியெல்லாவால்தானே?

#9 வாலிநோக்கம் உப்பு

முழுக்க இல்லை, தம்பி. உப்பு படியும் கட்டத்தில் செந்நிறத்துக்குப் பெரும் பங்கு உப்பை விரும்பும் ஆர்க்கியா என்ற உட்கருவில்லா நுண்ணுயிர்களுடையது. அதன் செல்சவ்வில் பாக்டீரியோரூபெரின் நிறமி இருக்கிறது. அவை ஒன்று முதல் ஐந்து மைக்ரான், எண்ணெய் லென்ஸில் குச்சியாகத் தெரியும். உட்கருவும் இல்லை, பசுங்கணிகமும் இல்லை.

டுனாலியெல்லாவின் ஆரஞ்சு பீட்டா கரோட்டின். வெயிலும் உப்பும் ஏறி, நைட்ரஜன் குறையும்போது பசுங்கணிகத்துக்குள்ளேயே, தைலகாய்டுகளுக்கு இடையில் எண்ணெய்த் துளிகளாகச் சேரும். உலர் எடையில் பத்து சதவீதம் வரைகூடப் போகும். அதிகப்படி நீல ஒளியை அது உறிஞ்சி, கீழே உள்ள பச்சையத்தைக் காக்கிறது. உப்பின் இழுப்பைச் சமாளிக்கத் தேவையான கிளிசராலைத் தயாரிப்பது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஸ்லைடு காயும் முன் வாஸலின் தடவு. இந்த நீர் ஏற்கெனவே தெவிட்டும் நிலையில் இருப்பதால் ஐந்தே நிமிடத்தில் உப்புப் பரல் விழுந்து லென்ஸைக் கீறும்.

#10 தேவிபட்டினம் மட்டி

இயக்கத்தைக் காட்ட மட்டிச் செவுளை மிஞ்சியது இல்லை. ஓட்டுக்கு இடையில் கத்தியைச் செலுத்தி இரண்டு மூடுதசைகளையும் அறுத்துத் திறங்கள். மேலே படர்ந்த மெல்லிய மேலங்கியை விலக்கினால் அடியில் வரிவரியாக இரண்டு ஜோடி மடல், அதுதான் செவுள். இடுக்கியால் இரண்டு மி.மீ. துணுக்கைப் பிய்த்து, கடல்நீரில் ஊசியால் பிரித்து மூடுங்கள். 10இல் வைத்தாலே ஓரம் மினுமினுப்பது தெரியும். 40இல் கற்றை கற்றையாகக் குறுஇழைகள் அடிக்கும். நெல் வயலில் காற்று போவது போல அலை ஓடும்.

ஒரு குறுஇழையின் விட்டம் சுமார் 0.25 மைக்ரான். உள்ளே ஒன்பது இரட்டை நுண்குழல் வெளிவட்டம், நடுவில் இரண்டு. இரட்டைகளுக்கு இடையில் டைனீன் என்ற புரதத்தின் கைகள் ஒன்றை ஒன்று நகர்த்துவதால் வளைவு வருகிறது. ஒவ்வொரு இழையும் ஓர் அடிமணியில் வேர்விடும், அதற்குக் கீழே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருங்கி நிற்கும். டைனீன் தின்பது செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி., தயாரிப்பவர் பக்கத்திலேயே குடியிருக்கிறார்.

நான்கு ஓரமும் வாஸலின் பூசிய ஸ்லைடில் ஆக்சிஜன் தீரத்தீர அடிக்கும் வேகம் குறையும். ஓரத்தைத் திறந்து புதுக் கடல்நீர் இழுத்தால் திரும்ப வரும். மைட்டோகாண்ட்ரியாவைச் சாயமில்லாமல் உணரவைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

#11 கீழக்கரை லென்ஸ்

ஜேனஸ் கிரீனுக்கு வருகிறேன். எல்லாமே பச்சை ஆகிறதென்றால் இரண்டில் ஒன்று: சாயம் கூடிவிட்டது, அல்லது செல் செத்துவிட்டது. டீச்சர் விஷயத்தில் இரண்டுமே என்று நினைக்கிறேன்.

100 மி.கி. தூளை 10 மி.லி. வாலைவடிநீரில் கரைத்தால் ஒரு சதவீத மூலக்கரைசல். பார்க்கும் அன்றைக்கு அதில் 1 மி.லி. எடுத்து 99 மி.லி. ஊடகத்தில் கலக்குங்கள், 0.01 சதவீதம். ஊடகம் என்பது மட்டிக்குக் கடல்நீர், வெங்காயத்துக்குச் சர்க்கரைக் கரைசல். ஐந்து முதல் பத்து நிமிடம் ஊறவிடுங்கள், கவர்ஸ்லிப் போடாமல். காற்று வேண்டும்.

அது வேலை செய்வது இப்படி. சைட்டோபிளாசம் சாயத்தை ஒடுக்கி நிறமிழக்கச் செய்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை ஆக்சிஜனேற்றிய நிலையிலேயே வைத்திருப்பதால் நீலப்பச்சை நிற்கிறது. ஆக, சாயம் ஒட்டுவது வடிவத்துக்காக இல்லை, வேலைக்காக. மூடிய பிறகு ஆக்சிஜன் தீர்ந்ததும் பச்சை இளஞ்சிவப்பாகிப் பின் மறையும். அதற்குள் பார்த்துவிட வேண்டும்.

#12 பாம்பன் காற்று

ஒரு மறுப்பு. வெங்காயத்தோலில் தெரியும் புள்ளியெல்லாம் மைட்டோகாண்ட்ரியா என்று சொல்லிவிட முடியாது. அதே அளவில் ஸ்ஃபிரோசோம் என்ற கொழுப்பு மணிகளும் ஓடிக்கொண்டிருக்கும். சாயமே விடாத ஸ்லைடில் பளபளவென்று கண்ணைக் கவர்வது அவைதான்.

#13 கீழக்கரை லென்ஸ்

சரியான மறுப்பு, ஏற்கிறேன். பிரிப்பது எளிது: ஸ்ஃபிரோசோம் நிறமில்லாமல் பளபளக்கும், ஜேனஸ் கிரீனை ஏற்காது, கொழுப்பைக் காட்டும் சூடான் சாயத்தில் சிவக்கும். மைட்டோகாண்ட்ரியா மங்கலாக இருக்கும், பச்சை ஏற்ற பிறகே தனித்துத் தெரியும். கூடவே ஒரு கட்டுப்பாட்டு ஸ்லைடு கட்டாயம்: அதே தோலை 60 டிகிரி நீரில் ஐந்து நிமிடம் வைத்துவிட்டுச் சாயமேற்றுங்கள். செத்த செல் முழுக்கப் பச்சையாகும், புள்ளி பிரியாது. டீச்சர் பார்த்தது இந்தக் கட்டுப்பாட்டு ஸ்லைடைத்தான்.

#14 மண்டபம் பாசி

அயோடின் இருக்கிறதே, ஒரு ஒப்பீடு செய்யுங்கள். செடி இலையில் மாவுச்சத்து பசுங்கணிகத்துக்குள் இருக்கும், அயோடினில் கருநீலம். கஞ்சிப்பாசியில் சேமிப்பது ஃபுளோரிடியன் மாவுச்சத்து. அது பசுங்கணிகத்துக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் மணிமணியாகக் கிடக்கும், செம்பழுப்பாகத்தான் மாறும். "கருநீலம் வரவில்லை, சோதனை தோல்வி" என்று எழுதவைக்காதீர்கள். நன்றாகக் கிளைத்த மூலக்கூறு, நேரான அமிலோஸ் கிட்டத்தட்ட இல்லை என்பதால் நிறம் அப்படி.

கோல்கையைக் காட்ட முடியாது, ஆனால் அதன் சரக்கைக் கையில் கொடுக்கலாம். கப்பாஃபைக்கஸ் என்ற சிவப்புப்பாசியின் காராஜீனன் (கூழாகும் சர்க்கரைப் பொருள்) கோல்கையில் உருவாகி, பைகளில் ஏறிச் செல்சுவருக்குப் போகிறது. அதே சுவரின் செல்லுலோஸ் பிளாஸ்மா சவ்விலேயே நெய்யப்படுகிறது. ஒரே சுவர், இரண்டு பட்டறை. இந்த இனங்களில் கோல்கையின் வாங்கும் முகத்தை ஒட்டி ஒரு மைட்டோகாண்ட்ரியா நிற்கும். எலக்ட்ரான் படத்தில் பார்த்தால் இணைபிரியாமல் இருக்கும்.

சிவப்புப்பாசியில் சென்ட்ரியோலும் கசையிழையும் எந்தப் பருவத்திலும் கிடையாது. விந்துகூட நீந்தாது, நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். "யூகேரியாட் என்றால் எல்லா நுண்ணுறுப்பும் இருக்கும்" என்ற மனப்பாடம் இங்கே உடையட்டும்.

#15 ஏர்வாடி மாணவன்

கடல் திராட்சை முழுதும் ஒரே செல் என்பது உண்மையா? அடி நீளத் தண்டு இருக்கிறதே.

#16 மண்டபம் பாசி

உண்மை. கடல் திராட்சை, அதாவது காலெர்ப்பாவில் குறுக்குச்சுவர் இல்லை, ஆயிரக்கணக்கான உட்கரு ஒரே சைட்டோபிளாசத்தில். சவ்வு வழியாக உணவு வருவது பரப்பளவைப் பொறுத்தது, எனவே செல் பெரிதாகக் கூடாது என்ற விதி உருண்டைச் செல்லுக்குத்தான் கறாராகப் பொருந்தும். இது குழாயாக நீள்கிறது, நடுவில் பெரிய நுண்குமிழ்ப்பை, சைட்டோபிளாசம் சுவரோரம் மெல்லிய படலம், உட்கருவும் இடந்தோறும். தொலைவுக்குச் சரக்கு நகர்த்துவது நுண்குழல் வழியே.

உட்கரு பார்க்க: எத்தனால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்ததில் 24 மணி நேரம் போட்டால் பச்சையம் வெளுக்கும். பிறகு அசிட்டோகார்மைன், லேசான சூடு, அழுத்தம். உயிரோடு வெட்டினால் பாயும் குழம்பு உடனே கெட்டியாகி வாயை அடைக்கும். அதையும் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரே செல்லுக்கு ஒரு காயமே உயிர்ப்பிரச்சினை.

#17 முகவை ஊரணி

கடலை விட்டு ஊருக்குள் வாருங்கள். ஊரணித் தண்ணீரில் வைக்கோல் ஊறப்போட்டு ஒரு வாரம் விட்டால் பாரமீசியம் வரும். சுருங்கும் நுண்குமிழியை 40இல் எண்ணச் சொல்லுங்கள், நிமிடத்துக்கு எத்தனை முறை என்று. அடுத்து 0.1, 0.2, 0.3 சதவீத உப்பில் எண்ணுங்கள். உப்பு ஏற ஏறத் துடிப்பு மந்தமாகும், வெளியேற்ற வேண்டிய நீர் குறைவதால். கடல்நீரில் வாழும் ஒருசெல் உயிரிகள் பலவற்றில் இந்தக் குமிழியே இல்லை. ஓட்டத்தைத் தணிக்கப் பஞ்சு இழை இரண்டு போதும்.

#18 தேவிபட்டினம் மட்டி

ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, 21 தீவுகள். அங்கே எதையும் பறிக்கக்கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எங்கு கிடைத்தாலும் தொடக்கூடாது, வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. செத்துக் கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். கரை ஒதுங்கிய பாசி, சந்தை மட்டி, உப்பளத் துளி போதும்.

#19 தொண்டிக்கரை டீச்சர்

பாடவேளை 40 நிமிடம், பிள்ளைகள் 35, மைக்ராஸ்கோப் நான்கு. மட்டி காலையில் வாங்கினால் மதியம் வரை செவுள் அடிக்குமா?

#20 தேவிபட்டினம் மட்டி

அடிக்கும். மட்டியை வாளித் தண்ணீரில் போடாதீர்கள், நிறைய மட்டி சேர்ந்து ஆக்சிஜனைத் தின்றுவிடும். கடல்நீரில் நனைத்த சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள், ஓட்டை மூடிக்கொண்டு தாங்கும். தட்டினால் மூடாத மட்டி செத்தது, எடுக்க வேண்டாம். ஐஸ் மேல் நேராக வைத்தாலும் குறுஇழை நின்றுவிடும்.

நான்கு மைக்ராஸ்கோப்பில் கடல்புல், மட்டி, டுனாலியெல்லா, வெங்காயம். ஜேனஸ் கிரீன் ஊறப்போட்டுவிட்டு மற்ற மூன்றையும் தொடங்குங்கள், பச்சை ஏறும்போது எண்ணெய் லென்ஸ் அங்கே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் வந்துசேரும்போது அந்தத் தோலைப் புதிதாக ஏற்றுங்கள். முதல் குழு பார்த்த ஸ்லைடு கடைசிக் குழு வரும் முன் வெளுத்திருக்கும்.